எர்னாண்டெஸ், ஃபெர்னாண்டெஸ், பர்னாந்து: மூன்றும் ஒன்றுதானா?

ராத்திரிமேட்ச்

ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற சந்தேகம், இங்கே கேட்டுவிடுகிறேன்.

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு ஹெர்னாண்டெஸ் என்ற பெயர் அலுத்துப் போயிருக்கும். மெக்சிகோவின் 'சிச்சாரிட்டோ' ஒரு ஹெர்னாண்டெஸ். பார்சிலோனாவின் ஸாவி ஒரு ஹெர்னாண்டெஸ். பிரான்ஸ் அணியில் லூக்காஸ், தியோ என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆனால் அர்ஜென்டினாப் பக்கம் திரும்பினால் பெயர் ஃபெர்னாண்டெஸ் ஆகிவிடுகிறது. என்சோ ஃபெர்னாண்டெஸ் இருக்கிறார். 2019 முதல் 2023 வரை அங்கே அதிபர் ஆல்பெர்ட்டோ ஃபெர்னாண்டெஸ், துணை அதிபர் கிறிஸ்டினா ஃபெர்னாண்டெஸ். குடும்ப ஆட்சி போல என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு பேருக்கும் சொந்தமே கிடையாது.

கேள்வி இதுதான். இந்த இரண்டு பெயரும் ஒன்றா, வேறா? ஒன்று என்றால் ஒரு நாட்டில் 'ஹெ', இன்னொரு நாட்டில் 'ஃபெ' என்று எப்படிப் பிரிந்தது?

ஓலைக்கணக்கு

ஒன்றேதான் தம்பி. 'ஃபெர்னாண்டோவின் மகன்' என்பதுதான் இரண்டுக்கும் பொருள். ஃபெர்னாண்டோ ஸ்பானியப் பெயர் போலத் தோன்றினாலும் அதன் வேர் ஜெர்மானிய மொழி. 711இல் அரபுப் படை வரும்வரை ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகள் விட்டுப்போன பெயர்களில் அதுவும் ஒன்று. இரண்டாம் பாதிக்குத் 'துணிவு' என்று பொருள். முதல் பாதி 'பயணம்' என்பதா, 'அமைதி' என்பதா என்று அறிஞர்களுக்குள் சண்டை இருக்கிறது. நான் பயணத்தின் பக்கம். அந்தப் பெயர் போன தூரத்தைப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர மனம் இல்லை. (இது ஆராய்ச்சி இல்லை, ஆசை.)

இனி 'ஃபெ' எப்படி 'ஹெ' ஆனது. கன்னடம் கேட்டிருக்கிறீர்களா? நம்முடைய பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. பழைய கன்னடத்தில் அங்கேயும் 'ப'தான் இருந்தது, பிறகு 'ஹ' ஆனது. காஸ்டில் பகுதியின் ஸ்பானிய மொழியில் 'ஃப'வுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதே கதை. லத்தீனில் மாவு 'ஃபரினா', ஸ்பானியத்தில் 'அரினா'. போர்த்துகீசியத்தில் மகன் 'ஃபில்யு', ஸ்பானியத்தில் 'இஹோ'. இன்றும் இந்த ஸ்பானியச் சொற்களை எழுதும்போது முன்னால் ஒரு 'ஹ' எழுத்து உண்டு, வாயில்தான் வராது. அதனால் ஸ்பானியர் காதுக்கு நீங்கள் சொல்லும் ஹெர்னாண்டெஸ் உண்மையில் 'எர்னாண்டெஸ்'. 'ஃப' முதலில் 'ஹ' ஆனது, பிறகு அதுவும் கரைந்தது.

ராத்திரிமேட்ச்

கன்னட உதாரணம் பிரமாதம் ஐயா. பெங்களூரில் ஆறு வருடம் இருந்தேன், பால் பாக்கெட்டைப் பார்க்கும்போது இது தோன்றவே இல்லை. ஆனால் ஒரு இடறல். ஸ்பானியத்தில் நெருப்புக்கு 'ஃபுயேகோ' என்கிறார்களே, அங்கே மட்டும் 'ஃப' எப்படித் தப்பித்தது? அதோடு, ஃபெர்னாண்டோ டோரஸ் ஏன் எர்னாண்டோ டோரஸ் ஆகவில்லை?

ஓலைக்கணக்கு

நல்ல இடறல். 'ஃப'வுக்குப் பின்னால் 'உயே' என்ற ஒலி வந்தால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. ஃபுயேகோ, ஃபுயேர்த்தே எல்லாம் அப்படித்தான். பின்னால் 'ர்' ஒட்டிக்கொண்டாலும் அப்படியே.

ஃபெர்னாண்டோ விஷயம் வேறு. அந்தப் பெயரும் ஒரு காலத்தில் எர்னாண்டோ ஆகத்தான் செய்தது. மெக்சிகோவைப் பிடித்த கோர்தெஸை அவர் காலத்தில் எர்னாண்டோ என்றும் எழுதினார்கள், ஃபெர்னாண்டோ என்றும் எழுதினார்கள். நாம் பள்ளியில் படித்த எர்னான் என்பது அதன் குறுக்கம். ஆனால் அரசர்கள் பெயரில் எழுத்தில் பெரும்பாலும் 'ஃப'தான். கோர்தோபாவையும் (1236) செவீயாவையும் (1248) பிடித்த மூன்றாம் ஃபெர்னாண்டோவுக்கு 1671இல் புனிதர் பட்டமும் கிடைத்தது. அரசனும் புனிதனும் ஒரே ஆளாக இருந்தால் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறவர்கள் அவர் எழுத்துப்படிதானே வைப்பார்கள்? முதல் பெயர் திரும்பவும் 'ஃப'வுக்கு வந்துவிட்டது. குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து வைக்கிறவர் யாரும் இல்லை, அது இருந்த இடத்திலேயே கிடந்தது. 'ஃபெர்னாண்டோ எர்னாண்டெஸ்' என்று ஒருவருக்குப் பெயர் இருக்கலாம், தாராளமாக இருக்கிறது. அது ஒரே பெயரின் இரண்டு வயது.

கூட்டல்கழித்தல்

மொழி ஐயா சொல்லிவிட்டார். இடத்தை நான் சொல்கிறேன்.

ஸ்பெயினில் ஃபெர்னாண்டெஸ்தான் பெரிய பெயர். முதல் குடும்பப் பெயராக அதை வைத்திருப்பவர்கள் 9 லட்சத்தை ஒட்டி. கார்சியா தனி உயரத்தில் நிற்கிறது. அடுத்த வரிசையில் ரோட்ரிகெஸ், கொன்சாலெஸ், ஃபெர்னாண்டெஸ் மூன்றும் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. ஹெர்னாண்டெஸ் அங்கே அதில் பாதிகூட இல்லை.

வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் சுவாரஸ்யம். வடமேற்கில் அஸ்தூரியாஸ் மாநிலத்தில் முதலிடமே ஃபெர்னாண்டெஸ்தான், பக்கத்தில் கலீசியாவிலும் அது கொட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கத்துப் பேச்சில் 'ஃப' பெரும்பாலும் சாகவில்லை. ஹெர்னாண்டெஸைத் தேட வேண்டுமானால் சலமாங்கா, ஆவிலா பக்கம் போக வேண்டும், அல்லது கப்பல் ஏறிக் கானரித் தீவுகளுக்குப் போக வேண்டும்.

இனி அமெரிக்கக் கண்டம். கோர்தெஸ் காலத்தில் மெக்சிகோ போனவர்களில் அந்தாலூசியா, எஸ்த்ரெமதூரா, காஸ்டில்காரர்களே அதிகம், அதாவது 'ஹ' வாயர்கள். இன்று மெக்சிகோவில் மிகுதியான குடும்பப் பெயர் ஹெர்னாண்டெஸ். கானரித் தீவுக்காரர்கள் கியூபாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் திரளாகப் போனார்கள், அங்கேயும் ஹெர்னாண்டெஸ் ஏராளம். அர்ஜென்டினாவுக்கு மக்கள் கூட்டமாக வந்தது ரொம்பப் பிந்தி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20இன் தொடக்கத்திலும். அந்த ஸ்பானியர்களில் கலீசியர்கள் எவ்வளவு பேர் என்றால், அங்கே எந்த ஸ்பானியரையும் 'கயேகோ' (கலீசியர்) என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் பெட்டியோடு ஃபெர்னாண்டெஸும் வந்தது. உங்கள் அதிபர், துணை அதிபர் புதிருக்கு விடை அதில்தான் இருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் 2000இல் ஹெர்னாண்டெஸ் 15ஆம் இடம், 7,06,372 பேர். 2010இல் 11ஆம் இடம், 10,43,281 பேர். பத்து வருடத்தில் மூன்று லட்சத்து சொச்சம் ஏற்றம்.

சித்தன்போக்கு

மெக்சிகோவில் இருக்கிற ஹெர்னாண்டெஸ்கள் எல்லாம் ஸ்பானிய வீரர்களின் வம்சம் என்கிறீர்களா? கணக்கு உதைக்கிறதே. கப்பலில் போனவர்கள் எத்தனை பேர், இன்றைக்கு இருப்பவர்கள் எத்தனை லட்சம்?

கூட்டல்கழித்தல்

நான் அப்படிச் சொல்லவில்லை சித்தரே, ஆனால் அப்படிப் படிக்க இடம் கொடுத்துவிட்டேன். பெரும்பாலும் ரத்தம் இல்லை, ஞானஸ்நானம். துறவிகள் ஊர் ஊராகப் போய்ப் பழங்குடி மக்களுக்குத் தண்ணீர் ஊற்றியபோது கொடுத்த பெயர்கள். ஞானத்தகப்பன் பெயரோ, நிலத்துக்குப் பொறுப்பாக இருந்த ஸ்பானியன் பெயரோ, பாதிரியாருக்கு வாயில் வந்த பெயரோ, எதுவாகவும் இருக்கலாம். சியாப்பாஸ் மலையில் சோட்சில் மொழி பேசுகிறவர்களின் ஊர்களில் லோபெஸ், பெரெஸ், கோமெஸ், ஹெர்னாண்டெஸ் என்று விரல் விட்டு எண்ணும் ஸ்பானியப் பெயர்கள்தான் இருந்தன. ஊரே லோபெஸ் என்றால் யார் எந்த வீடு என்று எப்படித் தெரியும்? பின்னால் தங்கள் மொழியில் ஒரு குலப்பெயரையும் ஒட்டிக்கொண்டார்கள். உண்மையில் ஆளை அடையாளம் காட்டியது அந்த ஒட்டுதான்.

மணிலாமழை

பிலிப்பைன்ஸில் நான்கு வருடமாக வேலை. இங்கே கதை இன்னும் வேடிக்கை. 1849 நவம்பரில் கவர்னர் கிளவேரியா ஓர் ஆணை போட்டார். குடும்பப் பெயர் இல்லாமல் வரிக்கணக்கு எழுத முடியவில்லை, எல்லாரும் ஒரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அதற்காகவே அகரவரிசையில் ஒரு பெயர்ப் பட்டியல் அச்சடித்து மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். சில ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது பட்டியலின் ஒரு பகுதி மட்டும். அதனால் ஆல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊரில் பழைய குடும்பங்களின் பெயர் எல்லாம் 'ர' எழுத்தில் தொடங்கும்! நம் ரேஷன் கடையில் மூட்டையைப் பிரித்துக் கொடுத்த மாதிரி.

அலுவலகத்தில் ஸ்பானியப் பெயர் வைத்திருக்கும் நண்பர்களிடம் 'உங்கள் தாத்தா ஸ்பெயினா?' என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். சிரித்துவிட்டு, 'தாத்தாவுக்குத் தாத்தா வரிசையில் நின்றிருப்பார்' என்றார்.

பழையபேப்பர்

எஸ் என்று முடிகிற பெயர்கள் எல்லாம் மதம் மாறிய யூதர்களுடையவை என்று ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. பெரிய பட்டியலே இருந்தது. ஹெர்னாண்டெஸும் அதில் இருந்தது. இந்தப் பெயர் இருந்தால் ஸ்பெயின் பாஸ்போர்ட் தருமாமே?

ஓலைக்கணக்கு

அந்தப் பட்டியல் எனக்கும் வந்தது. 1492இல் துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தர ஸ்பெயின் 2015இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் பெயரைக் காட்டினால் போதும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, வேறு சான்றுகள் கேட்டார்கள். விண்ணப்பிக்கும் காலமும் 2019இல் முடிந்துவிட்டது. மதம் மாறிய யூதர்கள் இப்படிப்பட்ட பெயர்களை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் எடுத்துக்கொண்டார்கள்? ஊரில் எல்லாருக்கும் இருந்த பெயர் என்பதால்தான். ஒளிந்துகொள்ள வந்தவன் கூட்டத்தில்தானே நுழைவான்! அதை வைத்துக் கூட்டத்தையே அவன் வம்சம் என்றால் எப்படி?

அந்த 'எஸ்' விகுதியே எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. லத்தீனின் ஆறாம் வேற்றுமை உருபு என்பார் சிலர், ரோமருக்கு முந்திய உள்ளூர் மொழி என்பார் சிலர். யூத மதத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

தகப்பன் பெயராகத்தான் அது உண்மையில் இருந்தது என்பதற்குக் காஸ்டில் பிரபுக்களின் வரிசையைப் பாருங்கள். கொன்சாலோ ஃபெர்னாண்டெஸின் மகன் ஃபெர்னான் கொன்சாலெஸ், 970இல் இறந்தவர். அவர் மகன் கார்சியா ஃபெர்னாண்டெஸ். அவர் மகன் சாஞ்சோ கார்சியா. அவர் மகன் கார்சியா சாஞ்செஸ். ஒவ்வொரு தலைமுறையிலும் பின்பெயர் மாறுகிறது, தாத்தா பெயர் பேரனுக்குத் திரும்பி வருகிறது. நம் வீட்டு இனிஷியல் முறை அப்படியே! பிறகு ஒரு கட்டத்தில் அது உறைந்து போனது. இன்றைக்கு இருக்கிற ஒரு ஃபெர்னாண்டெஸின் அப்பா பெயர் ஃபெர்னாண்டோவாக இருக்க வேண்டியதில்லை, பல நூறு வருடத்துக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு அப்பா.

டேட்டாமூட்டை

இனிஷியல் என்றதும் என் பழைய காயம் ஒன்று. ஹூஸ்டனில் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் விவரங்களில் இரட்டைப் பதிவுகளை நீக்கும் வேலை. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிற மாதிரி நிரல் எழுதி வைத்திருந்தோம். ஸ்பானியப் பெயரில் கடைசிச் சொல் அம்மா வழி. முதலில் வருவது அப்பாவுடைய முதல் குடும்பப் பெயர், அப்புறம் அம்மாவுடைய முதல் குடும்பப் பெயர். விளைவு, அண்ணன் தம்பிகளின் அப்பா எல்லாம் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டார்கள். இதில் 'ஹெர்னாண்டெஸ் ஹெர்னாண்டெஸ்' என்று வருகிறவர்கள் வேறு. யாரோ இரண்டு முறை தட்டிவிட்டார்கள் என்று ஒன்றை நீக்கிவிட்டோம். பாவம், அப்பாவும் ஹெர்னாண்டெஸ், அம்மாவும் ஹெர்னாண்டெஸ், அவ்வளவுதான். மூன்று வாரம் உட்கார்ந்து திருப்பிப் போட்டோம். மேலதிகாரி முகத்தை இப்போது நினைத்தாலும் தூக்கம் போய்விடும்.

சித்தன்போக்கு

அப்பா பெயர்தான் முன்னால் என்பது சட்டமா?

டேட்டாமூட்டை

ஸ்பெயினில் ரொம்ப காலம் அப்படித்தான். 1999இல் வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தது. 2017இலிருந்து அப்பாவுக்கு முன்னுரிமையே கிடையாது, எது முன்னால் என்று பெற்றோர் சொல்லியாக வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும், வழக்கத்தில் ஆட்கள் தங்களுக்கு வேண்டியதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அப்பா பெயர் சாதாரணமானது என்றால் அம்மா பெயர் நின்றுவிடும். பிக்காசோவின் அப்பா ரூயிஸ், பிக்காசோ அம்மா வழி. எல் சால்வடோரை 1931 முதல் 1944 வரை ஆண்ட சர்வாதிகாரி மாக்சிமிலியானோ ஹெர்னாண்டெஸ் மார்டினெஸ். அவரைச் சரித்திரம் மார்டினெஸ் என்றே சொல்கிறது, அந்த ஆட்சிக்குப் பெயர் 'மார்டினாத்தோ'. ஹெர்னாண்டெஸ் என்று தேடிப் படிக்கப் போனால் ஆளைப் பிடிக்க முடியாது.

உப்பளக்காற்று

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் தூத்துக்குடி. எங்கள் வீட்டுப் பெயர் பர்னாந்து. எங்கள் ஆச்சி, முன்னோர் ஒருத்தர் ஸ்பெயின் கப்பலில் வந்தவர் என்று அடித்துச் சொல்வாள். இங்கே எழுதியதை எல்லாம் பார்த்தால் ஆச்சி கதை மூழ்கிவிடும் போலிருக்கிறதே அண்ணாச்சி?

ஓலைக்கணக்கு

கப்பல் மூழ்க வேண்டாம், கொடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள் போர்த்துகீசியர். 1530களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துகீசியப் பெயர்கள் வந்தன. மெக்சிகோவில் நடந்ததுதான் இங்கேயும், ரத்தம் அல்ல, பெயர். இன்னொன்று கவனியுங்கள், உங்களுடையது 'ஃபெர்னாண்டோவின் மகன்' அல்ல, ஃபெர்னாண்டோவே. முதல் பெயராக வந்தது குடும்பப் பெயராக நின்றுவிட்டது. கோவாவிலும் மங்களூரிலும் மகன் வடிவம் நின்றது, ஃபெர்னாண்டஸ். போர்த்துகீசிய எழுத்தில் அதன் கடைசி எழுத்து ஸ்பானியத்திலிருந்து வேறுபடும். ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துவையே ஆங்கிலத்தில் ஃபெர்னாண்டஸ் என்று எழுதியிருக்கிறார்கள்.

நீர்கொழும்பான்

ஓலைக்கணக்கு ஐயா, இலங்கையிலயும் அதே கதைதான். இங்க சிங்களவர், தமிழர் ரெண்டு பக்கமும் பெர்னாண்டோ நிறைய. எங்கட கரையோரத்தில கல்லெறிஞ்சால் ஒரு பெர்னாண்டோ தலையிலதான் விழும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். 1580 முதல் 1640 வரைக்கும் போர்த்துக்கல்லும் ஸ்பெயின் ராசாவுக்குக் கீழதானே இருந்தது? அப்ப ஆச்சி சொன்னதில கொஞ்சம் உண்மை இருக்கலாம்தானே?

ஓலைக்கணக்கு

ராசா ஒருவர்தான், ஆனால் நிர்வாகம் பிரிந்தே இருந்தது. கோவாவும் கொழும்பும் போர்த்துகீசியர் கையில்தான். அதோடு பரதவர் பெயர்கள் அதற்கு நாற்பது வருடம் முன்பே வந்துவிட்டன.

உப்பளக்காற்றுக்கு ஒரு ஆறுதல். பர்னாந்து என்பதைப் பட்டிக்காட்டு உச்சரிப்பு என்று நினைத்து இப்போதெல்லாம் 'பெர்னாண்டோ' என்று திருத்துகிறார்கள். திருத்த வேண்டியதே இல்லை. போர்த்துகீசியர் நாக்கை மடிக்காமல் பல்லில் வைத்து 'ந்த' என்றுதான் சொல்வார்கள், கடைசி 'ஓ' கிட்டத்தட்ட 'உ'வாகத்தான் ஒலிக்கும். 'ஃபெர்னாந்து'. நம்மிடம் 'ஃப' இல்லாததால் 'ப' போட்டோம், அவ்வளவுதான். 'ண்டோ' என்பது ஆங்கிலத்தின் வழியாகப் பிறகு வந்தது. உங்கள் ஆச்சி வாய்தான் லிஸ்பனுக்குப் பக்கம்.

உப்பளக்காற்று

இதை ஆச்சியிடம் போனில் சொன்னேன். 'போர்த்துக்கீசா? அப்ப ஸ்பெயினில இருந்து வந்தது யாருல?' என்று கேட்கிறாள். விடமாட்டாள் போல.

கூட்டல்கழித்தல்

அதற்கும் பதில் இருக்கிறது. சவேரியார். 1542இல் உங்கள் கரைக்கு வந்தவர். போர்த்துகீசிய அரசன் அனுப்பினான், ஆனால் ஆள் நவார்ரா, அதாவது இன்றைய ஸ்பெயின். சவேரியார் என்பது அவர் பிறந்த ஹாவியர் கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தது ஆச்சியின் முன்னோர் இல்லை, ஆச்சியின் புனிதர்.

ராத்திரிமேட்ச்

ஒரு நிமிடம். ஸாவியின் முழுப்பெயர் ஸாவியர் எர்னாண்டெஸ். அப்படியானால் இவ்வளவு நேரம் நான் ரசித்துக்கொண்டிருந்தவர் பெயர் தூத்துக்குடியில் சொன்னால்...

உப்பளக்காற்று

சவேரியார் பர்னாந்து. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தர் வல்லத்தில் கடலுக்குப் போகிறார், இன்னொருத்தர் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். பந்து இரண்டு பேருக்கும் வராது.